தொடக்க ஆட்டக்காரர் யார்? ஒரு விவாதத்தின் இலக்கணம்

2025 ஆசியக் கோப்பையில் இந்திய அணியின் முதல் ஆட்டம் செப்டம்பர் 10 அன்று நடந்தது. அதற்குச் சில நாள்களே இருந்த நேரம். ஆரியசாலைச் சந்திப்பிலிருந்து சாலைக் கடைத்தெருவின் மறுமுனை வரை, தமிழிலும் மலையாளத்திலும் இரண்டும் கலந்த மொழியிலும் ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. அபிஷேக் சர்மாவுடன் தொடக்க ஆட்டக்காரராக இறங்கப் போவது சஞ்சு சாம்சனா, சுப்மன் கில்லா? கில் என்றால், சஞ்சுவுக்கு ஆடும் பதினொருவரில் இடம் உண்டா, அல்லது விக்கெட் கீப்பர் பொறுப்பும் ஜிதேஷ் சர்மாவுக்குப் போய்விடுமா?

பல்கலைக்கழக வளாகங்களில் இத்தகைய பேச்சை 'ரசிகர் சண்டை' என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நமக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இவ்விவாதத்தில் ஈடுபடுவோர் சான்று காட்டுகிறார்கள், எதிர்ச்சான்று கேட்கிறார்கள், எதிராளியின் எண்ணிக்கையில் பிழை இருந்தால் உடனே சுட்டுகிறார்கள். நம் கருத்தரங்குகள் பலவற்றில் இவ்வளவு கவனத்தைக் காண்பதற்கில்லை. ஆயினும் வாரக்கணக்கில் பேசியும் எவரும் எவரையும் இணங்கவைக்க முடியவில்லை. ஒவ்வொருவரும் வெவ்வேறு காலத்தில் நின்று பேசுவதே அதற்குக் காரணம் என்பது என் கருத்து. காலம் என்று நான் இங்கே சொல்வது இலக்கணம் கூறும் இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்னும் காலத்தையே.

முதலில் சான்றுகளைப் பார்ப்போம். 2024 அக்டோபர் 12 அன்று ஹைதராபாதில் வங்கதேசத்துக்கு எதிராகச் சஞ்சு 47 பந்துகளில் 111 ரன் எடுத்தார். நவம்பரில் டர்பனில் 50 பந்துகளில் 107; அடுத்த இரு ஆட்டங்களிலும் சுழியம்; ஜோஹானஸ்பர்க்கில் ஆட்டமிழக்காமல் 109. பின்னர் 2025 தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிரான ஐந்து ஆட்டங்களில் 26, 5, 3, 1, 16. இப்பத்து இன்னிங்ஸ்களும் அடுத்தடுத்து ஆடப்பட்டவை. பத்தையும் சேர்த்தால் 378 ரன், சராசரி 42. கடைசி ஐந்தை மட்டும் எடுத்தால் 51 ரன், சராசரி பத்தைச் சற்றே தாண்டும். எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடுகிறது.

கில்லின் கணக்கு வேறுவகை. ஆசியக் கோப்பைக்கு முன் அவர் இந்தியாவுக்காகக் கடைசியாக இருபது ஓவர் ஆட்டம் ஆடியது 2024 ஜூலையில். அதுவரை 21 ஆட்டங்களில் 578 ரன். நூறு பந்துக்குச் சுமார் 139 என்ற அவரது வேகம் அப்போதைய சஞ்சுவின் 152-ஐ விடக் குறைவாக இருந்தது. ஆனால் 2025 ஐ.பி.எல். தொடரில் அவர் 650 ரன் குவித்தார். இங்கிலாந்தில் டெஸ்ட் அணித் தலைவராக ஐந்து ஆட்டங்களில் 754 ரன் எடுத்தார். அப்போது இருபது ஓவர் அணியின் துணைத் தலைவராகவும் இருந்தார். சஞ்சுவோ அதே ஐ.பி.எல். தொடரில் காயத்தால் ஒன்பது ஆட்டங்களே ஆடி 285 ரன் எடுத்தார். ஜிதேஷ் பெங்களூரு அணிக்காக லக்னோவுக்கு எதிராக 33 பந்துகளில் 85 ரன் அடித்துக் கடினமான ஓர் ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். அவ்வணியே பின்னர் கோப்பையையும் வென்றது.

இச்சான்றுகள் பேச்சில் எவ்வாறு வினைச்சொற்களாகின்றன என்பதைக் கவனியுங்கள். சஞ்சுவின் ஆதரவாளர் இறந்தகாலத்தில் பேசுகிறார்: "மூணு செஞ்சுரி அடிச்சான்." ஜிதேஷின் ஆதரவாளர் நிகழ்காலத்தைக் கையாள்கிறார்: "இப்ப அவன்தான் முடிச்சுக் குடுக்கிறான்." கில்லின் ஆதரவாளருக்கு எதிர்காலமே மொழி: "நின்னு ஆடுவான், நாளைக்கு அவன்தான் கேப்டன்." மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இறந்தகாலக் கூற்றை எதிர்காலக் கூற்றால் மறுக்க இயலாது. "அடித்தான்" என்பதற்கு மறுப்பு "அடிக்கவில்லை" என்பதே. "நாளை மற்றவன் அடிப்பான்" என்பது அதற்கு மறுப்பாகாது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தமிழின் எதிர்கால வடிவம் வருவதை மட்டும் குறிப்பதன்று. வழக்கத்தையும் அதுவே குறிக்கும். "அவர் காலையில் கோவிலுக்குப் போவார்" என்றால் நாளைப் போவதைச் சொல்கிறோமா, அன்றாட வழக்கத்தைச் சொல்கிறோமா என்பதைச் சூழலே காட்ட வேண்டும். மலையாளத்தின் '-உம்' ஈறும் இவ்விரு பணிகளையும் செய்கிறது. ஆகவே "கில் நின்னு ஆடுவான்" என்னும்போது அது பழைய ஆட்டங்களிலிருந்து பெற்ற பொது முடிவா, வரப்போகும் ஆட்டம் பற்றிய நம்பிக்கையா என்பது தெளிவாவதில்லை. சொல்பவர் சான்று சொல்வதாக எண்ணுகிறார். கேட்பவர் ஆரூடம் கேட்பதாக எண்ணுகிறார். ஆரியசாலையில் இரு மொழிகளிலும் இந்த வழுக்கல் ஒன்றுபோலவே நிகழ்கிறது.

ரசிகர்களின் இக்குழப்பத்துக்கு அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. எந்தக் காலத்தைச் சான்றாகக் கொள்கிறோம் என்று சொல்ல வேண்டியவர்கள் தேர்வுக் குழுவினர். ஆகஸ்ட் 19 அன்று அணியை அறிவித்தபோது குழுத் தலைவர் அஜித் அகர்கர் ஒரு காரணம் கூறினார். கில்லும் யஷஸ்வி ஜெய்ஸ்வாலும் அப்போது கிடைக்காததாலேயே சஞ்சு ஆடிவந்தார் என்பது அதன் சாரம். இதை ஓர் அளவுகோலாக ஏற்கலாம்: வேறு கடமையால் விலகியிருந்தவர் திரும்பும்போது இடம் அவருக்கே உரியது. ஆனால் அதே அளவுகோல் ஜெய்ஸ்வாலுக்குப் பொருந்தவில்லை. அவர் மாற்று வீரர்கள் பட்டியலில் வைக்கப்பட்டார். அதே காலத்தில் அதே இடத்துக்கு வந்த அபிஷேக் இன்றைய ஆட்டத்தின் பலத்தில் நிலைபெற்றார். ஒருவருக்கு இறந்தகாலம், ஒருவருக்கு நிகழ்காலம், ஒருவருக்கு எதிர்காலம். ஒவ்வொரு முடிவும் தனித்தனியே நியாயமாக இருக்கக்கூடும். மூன்றையும் சேர்த்துத் தாங்கும் விதி எது என்பதைத்தான் எவரும் சொல்லவில்லை.

விதி சொல்லப்படாத இடத்தை வேறொன்று நிரப்புகிறது. அதையும் மொழியே காட்டிக்கொடுக்கிறது. "சஞ்சுவுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை" என்னும் தொடரில் பெறுபவர் உண்டு, கொடுப்பவர் இல்லை. பேச்சு சூடேறும்போது அது "வாய்ப்புத் தரமாட்டார்கள்" என்று மாறுகிறது. இப்போது கொடுப்பவர் பன்மையில் வந்துவிட்டார். ஆனால் பெயர் இல்லை. யார் அந்த 'அவர்கள்'? எழுவாய் தோன்றாத அவ்விடத்தில் 'வடக்கத்தியர்' வந்து அமர்ந்துகொள்கிறார்கள். 'மலையாளி என்பதால்தான்' என்ற முடிவு பிறக்கிறது.

அந்த மனக்குறைக்கு வரலாறே இல்லை என்று நான் சொல்லவில்லை. சஞ்சு 2015 ஜூலையில் ஹராரேயில் முதல் இருபது ஓவர் ஆட்டம் ஆடினார். இரண்டாவது ஆட்டம் கிடைத்தது 2020 ஜனவரியில். இடையில், 2019 டிசம்பர் 8 அன்று நம் காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்திலேயே மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இந்தியா ஆடியபோது அவர் அணியில் இருந்தும் களமிறக்கப்படவில்லை. 2024 உலகக் கோப்பையை வென்ற அணியிலும் அவர் இருந்தார். ஓர் ஆட்டமும் ஆடவில்லை. புல்லுவிளைக் கடற்கரையிலிருந்து வந்த ஓர் இளைஞரின் பத்தாண்டு இவ்வாறு கழிந்ததைக் கண்ட ஊருக்கு ஐயம் வருவது இயற்கை.

ஆயினும் இப்பட்டியலைச் சற்று விரித்துப் பாருங்கள். 2025 ஐ.பி.எல். தொடரில் 604 ரன் எடுத்த மும்பையின் ஷ்ரேயஸ் ஐயர் ஆசியக் கோப்பை அணியில் இல்லை. மாற்று வீரர்களிலும் இல்லை. 759 ரன்களுடன் அத்தொடரின் முதலிடம் பெற்ற சென்னையின் சாய் சுதர்சனும் இல்லை. ஒரே அறிவிப்பால் மும்பையும் சென்னையும் திருவனந்தபுரமும் தத்தமக்கே அநீதி நேர்ந்ததாக எண்ண முடிகிறதென்றால், நோய் ஒரு மாநிலத்தின் மீதான வெறுப்பில் இல்லை. அளவுகோல் சொல்லப்படாததில் இருக்கிறது.

'நம்ம ஆள்' என்பதும் நாம் நினைக்கும் அளவுக்கு உறுதியான சொல் அன்று. 2004 செப்டம்பரில் இந்திய ஒருநாள் அணியின் விக்கெட் கீப்பராக அறிமுகமானவர் சென்னையின் தினேஷ் கார்த்திக். அதே ஆண்டு டிசம்பரில் அவ்விடத்துக்கு ராஞ்சியிலிருந்து தோனி வந்தார். பிறப்பிடமே பற்றைத் தீர்மானிப்பதாயின் தமிழ்நாடு தோனியை மன்னித்திருக்கவே கூடாது. 2008 முதல் அங்கு நடந்தது என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆரியசாலையில் தமிழ் பேசும் நாம் மலையாளியான சஞ்சுவை 'நம்ம பையன்' என்பதும் அதே இயல்பால்தான். பற்று அழகானது, அதைச் சான்றாக்கும்போதுதான் வழக்கு பலவீனமாகிறது.

இத்தகைய விவாதம் கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஒரே ஓர் இடம். ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னர் அதற்கு யார் என்று ஊர்கள் இரண்டுபடும். 2001 மார்ச்சில் நியூ இங்கிலாந்து அணி ட்ரூ பிளெட்சோவுடன் பத்தாண்டு ஒப்பந்தம் செய்தது. செப்டம்பரில் அவர் காயமுற்றார். முந்தைய ஆண்டு 199 ஆம் தேர்வாக வந்த டாம் பிரேடி அவ்விடத்தில் இறங்கினார். பிளெட்சோ குணமடைந்து திரும்பியபோதும் பயிற்சியாளர் பில் பெலிசெக் பிரேடியையே தொடக்கத்தில் இறக்கினார். அப்பருவத்தின் கோப்பை அவர்களுக்கே கிடைத்தது. அகர்கர் கூறியது போன்ற விதி அங்கு இருந்திருந்தால் பிரேடி உடனே ஓரத்துக்குத் திரும்பியிருப்பார். பெலிசெக்கின் தேர்வு சரி என்பதற்குக் கோப்பையை நான் சான்றாகக் காட்டவில்லை. விளைவைக் கொண்டு அளவுகோலை நியாயப்படுத்துவதும் ஒரு பிழையே. எதிர்காலத்துக்காக எழுதிய ஒப்பந்தத்தை விட நிகழ்காலமே பெரிது என்ற அவரது நிலை, ஏற்பவருக்கும் மறுப்பவருக்கும் கண்ணுக்குத் தெரிந்தது என்பதே இங்கு முக்கியம்.

ஆய்வாளர்களாகிய நமக்கு இது அயல் செய்தி அன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குவிதிகளில், உதவிப் பேராசிரியர் பணிக்கான கல்வித் தகுதி மதிப்பெண் நேர்காணலுக்கு அழைக்கப்படுவோரைத் தெரிவு செய்யவே பயன்படும். இறுதித் தேர்வு நேர்காணலைப் பொறுத்தது. அதாவது வாயில் வரை இறந்தகாலம், நாற்காலிக்கு நிகழ்காலம். பத்தாண்டு உழைப்பை அரைமணி நேரத்துக்குக் கீழாக்கும் இவ்விதியை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் எதை எதிர்க்க வேண்டும் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எழுதப்பட்ட விதியோடு வாதிடலாம். எழுதப்படாத விதியோடு வாதிட முடியாது. அதன் பின்னால் யார் இருக்கிறார் என்று ஊகிக்க மட்டுமே முடியும். சாதி, ஊர், மொழி, வழிகாட்டியின் செல்வாக்கு என அவ்வூகங்கள் எங்கெல்லாம் செல்லும் என்பதை நம் துறைகளின் நடைவழிகளில் நிற்பவர் அறிவர்.

விளையாட்டுத் தேர்வு ஒரு கலை, அதைச் சூத்திரத்தில் அடைக்க முடியாது என்று எதிர்வாதம் வரலாம். சூத்திரத்தை நான் கேட்கவில்லை. ஆடுதளம், எதிரணி, இடக்கை வலக்கைச் சேர்க்கை என எத்தனையோ காரணிகளுக்கு இடம் வேண்டும். தொடர் தொடங்கும் முன் இரண்டு செய்திகளைச் சொன்னால் போதும்: எத்தனை இன்னிங்ஸைக் கணக்கில் கொள்கிறோம், ஓர் இடத்தை வைத்திருப்பவர் எப்போது அதை இழக்கிறார். இவ்விரண்டும் தெரிந்தால் தோற்றவர் தரப்பும் தோல்வியைப் புரிந்துகொள்ளும்.

என் விடையையும் மறைக்க விரும்பவில்லை. தொடக்க இடம் சஞ்சுவுக்கே உரியது. மலையாளி என்பதாலோ நம் ஊர்க்காரர் என்பதாலோ அன்று. இந்தியாவுக்காக அதே இடத்தில், அதே வகை ஆட்டத்தில் அதுவரை ஆடிய கடைசிப் பத்து இன்னிங்ஸ்களைச் சான்றாகக் கொள்வது நியாயமான அளவு என்று கருதுகிறேன். இங்கிலாந்துத் தொடரின் தோல்வியும் அதில் முழுமையாக அடங்கியிருக்கிறது. ஆகஸ்ட் 24 அன்று கேரள கிரிக்கெட் லீக்கில் கிரீன்ஃபீல்டில் தொடக்கத்தில் இறங்கி 51 பந்துகளில் 121 ரன் அடித்த அதே சஞ்சு, அத்தொடரில் ஆறாம் இடத்தில் இறங்கியபோது 22 பந்துகளில் 13 ரன்னே எடுத்தார் என்பதும் நினைவிருக்கட்டும். உள்ளூர்த் தொடரின் எண்கள் பன்னாட்டு ஆட்டத்துக்கு அளவாகா என்பது உண்மை. ஆயினும் அவரை நடுவரிசைக்குத் தள்ளிவிட்டு 'வாய்ப்புக் கொடுத்தோம்' என்று சொல்வது வாய்ப்பு என்ற சொல்லின் பொருளையே மாற்றிவிடுவதாகும்.

என் அளவுகோலை ஏற்காதவர்கள் தங்கள் அளவுகோலை முதலில் எழுதுங்கள். ஆட்டக்காரரின் பெயரைப் பிறகு எழுதுங்கள். அவ்வரிசையில் பேசினால் இவ்விவாதம் ஒரு முடிவுக்கு வரக்கூடும்.