மரத்தூள் தலையணை

தீபாவளி நெருங்குகிற நேரத்தில் அம்மாவின் தையல் மெஷின் உறைபோட்டுக் கிடந்து நான் பார்த்ததே இல்லை. போன மாதம் லாபிஸ் வீட்டுக்குப் போனபோது அப்படித்தான் கிடந்தது.

“கண்ணு சரியில்லம்மா, போதும்” என்றார். நாலு தடவை கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது. ஒரு கல்யாண வீட்டுப் பட்டு ரவிக்கை திரும்பி வந்திருக்கிறது. மார்புப் பக்கம் டார்ட் முனை கூம்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறதாம்.

எனக்கு மைக் பிடிக்கத் தெரியும், ஊசி பிடிக்கத் தெரியாது. ஆனால் என் நிகழ்ச்சிக்கு வந்த தையற்காரர் ஒருவர் விளக்கியது ஞாபகம் இருந்தது. தட்டையான துணியை உடம்பின் வளைவுக்குக் கொண்டுவருவதுதான் டார்ட். அதைத் தட்டைப் பலகையில் வைத்து இஸ்திரி போட்டால் தையல் கொடுத்த வளைவு நசுங்கிவிடும். பருத்தியில் அவ்வளவாகத் தெரியாது, பட்டு காட்டிக்கொடுத்துவிடும். கோளாறு கண்ணில் இல்லை, பலகையில்.

இதற்கென்றே ‘டெய்லர்ஸ் ஹேம்’ என்று கெட்டியான தலையணை ஒன்று உண்டு. பன்றித் தொடை வடிவத்தில் இருப்பதால் அந்தப் பெயர். அம்மாவிடம் பாஜு கூரோங் தைக்க வரும் மலாய் அக்காமார் அதிகம். “அந்தப் பேர வீட்டுல சொல்லாத” என்றார். தலையணை என்றே வைத்துக்கொண்டோம்.

முட்டை வடிவில், 14 அங்குல நீளம், 10 அங்குல அகலத்தில் இரண்டு துண்டு. சூடு தாங்க ஒரு பக்கம் காடா. மறுபக்கம் ஆவியைப் பிடித்துவைக்கக் கம்பளி. அப்பாவின் கல்யாணக் கோட்டிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தினோம். முடி கருகும் வாடை வந்து சாம்பலானால் கம்பளி. அது உருகி மணியாக உருண்டது. பாலியெஸ்டர்! இத்தனை வருஷப் பெருமை போயிற்று. கடைசியில் பண்டல் கடையில் கம்பளிக் கால்சட்டை ஒன்று கிடைத்தது.

தூள், மூவாரில் பர்னிச்சர் வேலை செய்யும் மாமா கொடுத்தது. ரப்பர் மரத் தூள். பால் குறைந்து, சுமார் 25 ஆண்டில் வெட்டப்படும் மரங்கள்தான் அங்கே நாற்காலியாகின்றன. சின்ன வயதில் தோட்டத்தில் மரம் சீவியவர் அம்மா. ஒரு கை அள்ளி முகர்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சலித்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம். ஈரம் இருந்தால் நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பூசணம் பிடித்துவிடும். தூள் கசியாமல் இருக்க உள்ளே இன்னொரு காடா வைத்து, ஓரத்தை இரட்டைத் தையல் போட்டு, குறுகிய முனையில் கை நுழையும் வழி மட்டும் விட்டார் அம்மா. அடைப்பதுதான் பெரும்பாடு. சப்பாத்திக் கட்டையால் இடித்து இடித்து அடைத்தோம். நிறைந்தது என்று நினைத்த பிறகும் பாதி வாளி உள்ளே போனது. பஞ்சு, ஸ்பாஞ்ச் எல்லாம் உதவாது, இஸ்திரிப் பெட்டியின் கனத்துக்கு அமுங்கிவிடும்.

ரவிக்கையை அதன்மேல் கவிழ்த்து, மெல்லிய துணி போட்டு, டார்ட்டை முனைவரை அழுத்தினார். சூடு ஆறும்வரை எடுக்கக்கூடாது என்றேன். அந்த ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. எடுத்தார். விரலால் முனையைத் தடவினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் தடவினார்.

ரவிக்கை கல்யாண வீட்டுக்குப் போய்விட்டது. நேற்று போனில் கேட்கிறார்: “சட்டைக் கைக்கு ஒல்லியா, நீளமா ஒண்ணு வேணும். மாமாகிட்ட இன்னும் தூள் இருக்குமா?”