பேய்க்குப் பலியான திறமைகள்



திரைப்படத்தைப் பற்றி எழுதுவது என் வழக்கமன்று. கட்டுரைப் பயிற்சி தேடி இங்கு வந்தோர் இன்று ஒருநாள் பொறுத்தருள்க. 2023 செப்டம்பரில் வெளிவந்த 'சந்திரமுகி 2' படத்தின்மேல் எனக்குள்ள சினம் இன்னும் தணியவில்லை.

நடிகர் பட்டியலைப் பாருங்கள். வடிவேலு, ராதிகா, நான்கு முறை தேசிய விருது பெற்ற கங்கனா ரனாவத். இசையோ, அதே ஆண்டு ஆஸ்கர் பெற்ற கீரவாணி! 1978இல் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் அறிமுகமான ராதிகாவுக்கு இங்கே கூட்டத்தோடு நின்று அஞ்சுவதே வேலை. கங்கனா பிற்பகுதியில்தான் தலைகாட்டுகிறார். வடிவேலுவை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதம் 'மாமன்னன்' படத்தில் பல ஆண்டு அவமானத்தை விழுங்கிய ஒரு தந்தையாக, குரலை உயர்த்தாமலே நம்மைக் கலங்கடித்தவர் அவர். மூன்றே மாதத்தில், 2005ஆம் ஆண்டின் அதே நடுக்கத்தையும் அதே ஓட்டத்தையும் மீண்டும் நடித்துக்காட்டச் சொல்லிவிட்டார்கள்.

ஏன் இப்படி வீணாயிற்று? நான் காணும் காரணம் கதையில் இருக்கிறது. 1993இல் ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்ரதாழ்' மலையாளப் படத்தில் நாயகியைப் பிடித்திருந்தது பேயன்று, மனநோய். அதில் நடித்த ஷோபனா தேசிய விருது பெற்றார். அதையே தழுவி பி. வாசு 2005இல் 'சந்திரமுகி'யை எடுத்தார். ஜோதிகாவின் கங்கா ஒரு நோயாளி. ரஜினிகாந்த் மனநல மருத்துவர். ஒரே இரவு நாடகத்தில் நோய் தீர்வதெல்லாம் சினிமா மருத்துவம்தான், மறுக்கவில்லை. ஆயினும் துன்புறும் ஒரு மனுஷியை நடிக்க ஜோதிகாவுக்கு இடமிருந்தது. இரண்டாம் பாகத்தில் அதே இயக்குநர் மெய்யான ஆவியையே கொண்டுவந்துவிட்டார். நடக்க இயலாத பெண்ணாக வரும் லட்சுமி மேனனை ஆவி புகுந்து ஆட்டுகிறது. ஆவிக்கு உள்ளம் ஏது? உள்ளமில்லாத இடத்தில் நடிகர் எதை நடிப்பார்? ஒப்பனைதான் மிஞ்சும்.

"பொழுதுபோக்குத்தானே டீச்சர், இதற்குப் போய்..." என்றார் ஆசிரியர் அறையில் ஒரு நண்பர். அவர் நகரத்தில் வளர்ந்தவர். நான் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், லயத்து வீட்டில் வளர்ந்தவள். பிள்ளை பெற்றபின் பேச்சடங்கிப்போன பக்கத்து வீட்டு அக்காளுக்கு மோகினி பிடித்ததென்று சொல்லி, மூன்று வெள்ளிக்கிழமை வேப்பிலையால் அடித்தார்கள். பால்மரக் காட்டுக்கப்பால் ஒரு மணி நேரப் பயணத்தில் தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை இருந்தது. 1911 முதலே இருக்கிறது. ஆனால் அவ்வூர்ப் பெயர் எங்களுக்குக் கேலிச்சொல். பிள்ளைகள் சண்டையில் ஒருவரை ஒருவர் அங்கே அனுப்புவோம். இன்றும் என் வகுப்பில் அதைக் கேட்கிறேன்.

'என் குடும்பம்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி எழுதியிருந்தாள்: "அக்காவுக்குச் சந்திரமுகி வந்துவிட்டது. அவள் பள்ளிக்குப் போவதில்லை. இரவில் தனியாகச் சிரிக்கிறாள். அப்பா தாயத்துக் கட்டினார்." எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. சிவப்பு மையைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தாயாரை வரவழைத்தேன். "முதல் படத்தில் டாக்டர்தானே டீச்சர் குணப்படுத்தினார்?" என்று அவரே கேட்டார். அதற்காகவேனும் 2005ஆம் ஆண்டுப் படத்துக்கு நன்றி சொல்லத் தோன்றியது. அரசாங்க கிளினிக்கில் காட்டினால் மனநல மருத்துவருக்குக் கடிதம் தருவார்கள் என்று எடுத்துச் சொன்னேன். கணவர் சம்மதிக்க வேண்டுமே என்றார். வரும் சனிக்கிழமை அவரோடு பேச வீட்டுக்குப் போகிறேன்.