தாம்பரத்து வீடுகளில் ஓடும் ஹீட்டர்

வெளிநாட்டில் பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்கள் எச்.வி.ஏ.சி. என்று ஒரு கணக்குப் போடுவார்கள். ஹீட்டிங், வென்டிலேஷன், ஏர் கண்டிஷனிங். இதில் முதல் எழுத்து நமக்கு எதற்கு என்றுதான் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் எல்லோரும் நினைக்கிறார்கள். மார்கழிக்கு ஒரு பெட்ஷீட் போதுமே, ஹீட்டர் யாருக்கு வேண்டும்? ஆனால் இங்கே அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு ஹீட்டர் இருக்கத்தான் செய்கிறது. அதற்குக் கரண்ட் செலவு இல்லை, சர்வீஸ்காரர் வர வேண்டாம், கட்டிய நாளில் இருந்து ஒரு நாள்கூட ரிப்பேர் ஆனதில்லை. அதன் பெயர் மொட்டை மாடி.

அந்த ஹீட்டரை நிறுத்தாமல், அதற்கு எதிராக ஏசி வாங்கி மாட்டுவதற்குத்தான் இப்போது ரெனவேஷன் என்று பெயர்.

கேம்ப் ரோடு பக்கத்துத் தெருக்களில் நுழைந்தால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் மனை வாங்கி, லோன் போட்டுக் கீழ்த்தளம் கட்டி, பையன் வேலைக்குப் போனதும் மேலே ஒரு போர்ஷன் எழுப்பி வாடகைக்கு விட்டவை. மேலே ஐந்து அங்குலக் கான்கிரீட். மே மாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தளத்தில் சுமார் 900 வாட் வெயில் விழுகிறது. பாசி காய்ந்து கருத்துப் போன சிமெண்ட் அதில் பாதிக்கு மேல் உறிஞ்சிக்கொள்ளும். மேல்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிவிடும். கான்கிரீட் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறுகிற சாமான். மத்தியானம் வாங்கிய சூடு உள்கூரைக்கு வந்து சேர நாலைந்து மணி நேரம் ஆகும். அதனால்தான் கடற்காற்று வந்து தெருவெல்லாம் ஆறிய பிறகும், ராத்திரி பத்து மணிக்கு ஃபேனைப் போட்டால் மேலே இருந்து அனல் இறங்குகிறது. ஃபேன் பாவம், கூரையின் சூட்டைக் கட்டிலுக்கு டெலிவரி செய்வது தவிர அதற்கு வேறு வழி இல்லை.

இந்த வீட்டுக்கு ரெனவேஷன் வருகிறது. முதலில் என்ன நடக்கும்? ஜன்னலுக்கு மேலே, கூரைக்குக் கீழே இருந்த வென்டிலேட்டரைச் செங்கல் வைத்து அடைப்பார்கள். ஏசி போடப் போகிறோம், குளிர் வெளியே போய்விடும் அல்லவா! சூடான காற்று மேலே ஏறி வெளியேறுவதற்கு அந்தக் காலத்து மேஸ்திரி வைத்த ஒரே வழி அதுதான். அடுத்து, முழுசாகத் திறக்கிற மரக்கதவு ஜன்னலை எடுத்துவிட்டு ஸ்லைடிங் ஜன்னல். பார்க்க அழகு, திறப்பது பாதி. அப்புறம் ஹாலுக்கு ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், அதற்குள் வரிசையாக எல்.ஈ.டி. விளக்கு. சொந்தக்காரர்கள் வந்தால் அண்ணாந்து பார்த்துப் பாராட்டுவார்கள். மொட்டை மாடியைப் பார்க்க யார் ஏறி வரப் போகிறார்கள்? எஸ்டிமேட்டில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது.

கடைசியில் ஏசி கடை. அங்கே கேட்கும் கேள்விகள் இரண்டுதான். ரூம் என்ன சைஸ்? டாப் ஃப்ளோரா? டாப் ஃப்ளோர் என்றதும் “அப்போ ஒன்றரை டன்னே எடுத்துக்குங்க சார்” என்பார்கள். இந்த ஒரு வரியைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் 120 சதுர அடி, அதாவது சுமார் 11 சதுர மீட்டர். உள்ளே 26 டிகிரி வைத்துக்கொண்டு, மேலே தளம் 60க்கு மேல் காய்ந்தால், அந்தக் கூரை வழியாக மட்டும் தோராயமாக ஒன்றரைக் கிலோவாட் சூடு இறங்கும். ஒரு டன் என்பது மூன்றரைக் கிலோவாட். ஆக, கடைக்காரர் கூடுதலாகத் தலையில் கட்டுகிற அந்த அரை டன் மனிதர்களைக் குளிர வைப்பதற்கு அல்ல. மொட்டை மாடியைக் குளிர வைப்பதற்கு!

(டன் என்ற கணக்கே பனிக்கட்டியில் இருந்து வந்ததுதான். ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகினால் எவ்வளவு சூட்டை இழுத்துக்கொள்ளுமோ அவ்வளவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இருந்து கப்பலில் ஐஸ் வந்து இறங்கி, மெரினா எதிரே ஐஸ் ஹவுஸில் அடுக்கி வைத்திருந்தார்கள். இப்போது விவேகானந்தர் இல்லம் இருக்கும் கட்டடம். அந்த ஐஸைக் கொண்டுபோய் யாரும் மொட்டை மாடியில் கொட்டியிருக்க மாட்டார்கள்.)

உடனே ஒரு கூட்டம் சண்டைக்கு வரும். “அந்தக் காலத்தில் எல்லாம் வேப்ப மரத்தடி போதும், ஏசியே ஆடம்பரம் என்கிறீர்களா?” இல்லை. அந்தப் பாட்டு வேறு. 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. எழுபது வயது இதய நோயாளி இருக்கும் வீட்டில் ஏசி ஆடம்பரம் இல்லை, மருந்து. சென்னையில் வெயிலைவிடப் புழுக்கம்தான் பெரிய எதிரி; வியர்வை காயாத ராத்திரியில் ஃபேனுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. கேள்வி ஏசி வேண்டுமா வேண்டாமா என்பதே அல்ல. எதற்குப் பிறகு ஏசி என்பதுதான்.

பணத்தைப் பார்ப்போம். 2024 ஜூலையில் வந்த வீட்டு மின்கட்டணத்தில் ஒரு விசித்திரம் உண்டு. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை போனால் பில் 1805 ரூபாய். 501 ஆனால் 2048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்! ஏனென்றால் 500ஐத் தாண்டியதும் இரண்டாவது நூறு யூனிட்டுக்கான சலுகை விலை பறிபோகிறது. ஏசி இல்லாமல் 380 யூனிட் ஓடுகிற குடும்பம் 1081 ரூபாய் கட்டும். அதே வீட்டில், சூடான கூரைக்குக் கீழே, ராத்திரி எட்டு மணி நேரம் ஏசி ஓடி இரண்டு மாதத்தில் 430 யூனிட் கூடினால் பில் 4875. ஏசி இழுத்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் சராசரியாக எட்டே முக்கால் ரூபாய்க்கு மேல் விழுந்திருக்கிறது. கூரையைச் சரி செய்து, ஏசியை 26ல் வைத்து, கூடவே ஃபேனையும் ஓட விட்டு, இதில் 130 யூனிட் குறைந்தால் பில் 3636. ஒரு பில்லில் 1239 ரூபாய் மிச்சம். கோடை என்பது இந்த ஊரில் ஒரு பில்லோடு முடிகிற சமாசாரமும் இல்லை.

ஸ்டார் லேபிளை நம்பி வாங்குகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். அந்த லேபிளில் போட்டிருக்கும் வருடாந்திர யூனிட் 1600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. ராத்திரி எட்டு மணி நேரம் என்றால் 200 நாளில் அது முடிந்துவிடும். கூரையின் நிலைமை அந்த ஸ்டிக்கருக்குத் தெரியவும் தெரியாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்தபோது கடைகளில் பெரிய பேனர் தொங்கியது. வாங்குகிற விலை ஒரு தடவை குறைகிறது, ஓட்டுகிற செலவு பத்து வருடம் தொடர்கிறது. காஸ்ட் அக்கவுண்டன்ஸி முதல் பாடத்திலேயே இது வந்துவிடும். இருந்தாலும் வட்டியில்லாத் தவணை என்றதும் எல்லோருக்கும் மறந்து போகிறது :-)

கூரையைச் சரி செய்வது அவ்வளவு பெரிய வேலையா என்றால், இல்லை. விரிசல்களை அடைத்து, பாசியைத் தேய்த்துக் கழுவி, வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதுதான் ஆகக் குறைந்த செலவு. சதுர அடிக்குச் சில ரூபாயில் முடிகிற காரியம். மழையில் கரையும், வருடா வருடம் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். கடைகளில் கிடைக்கும் வெள்ளைக் கூல் ரூஃப் பெயிண்ட் இன்னும் சில வருடம் தாங்கும். ஒழுகலும் சேர்ந்து இருந்தால் பழைய சுருக்கித் தளத்தைப் பெயர்த்துவிட்டு வெள்ளை டைல்ஸ் பதிக்கலாம், செலவு கூடும். தகர ஷீட் போடுவது நல்ல நிழல்தான். ஆனால் 2016 டிசம்பர் 12ல் வர்தா புயல் அடித்த அன்று ஷீட் என்ன பாடுபடும் என்பதை இந்த ஊர் பார்த்தாயிற்று. நட்டு போல்ட்டில் மிச்சம் பிடிப்பவர்கள் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது பக்கத்து வீட்டுக்கு நல்லது. வசதி உள்ளவர்கள் சோலார் போடலாம். 2024ல் வந்த பி.எம். சூர்யகர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். பேனல் கரண்டும் தரும், அதன் நிழலில் தளமும் காயாது.

காற்று விஷயத்தில் நடக்கும் ஏமாற்றம் இதைவிடப் பெரியது. ஸ்பிளிட் ஏசி வெளியில் இருந்து ஒரு சொட்டுக் காற்றையும் உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்ற விடுகிறது. கதவைச் சாத்தி மூன்று பேர் தூங்கி எழுந்தால் காலையில் தலை கனப்பது அதனால்தான். அடைத்த வென்டிலேட்டரைத் திறந்து, வலை அடித்து, உள்ளே இழுத்து மூடுகிற மாதிரி ஒரு சின்னக் கதவு வைத்தால் ஏசி ஓடும்போது மூடலாம், மற்ற நேரம் திறக்கலாம். கிச்சனில் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கூரையை ஒட்டி உயரத்தில் வைக்க வேண்டும். கொசுவலை இல்லாத ஜன்னல் இந்தப் பக்கம் ஜன்னலே அல்ல, ஆறு மணிக்கு மேல் அது சுவர். வடக்கே புகழ் பெற்ற ஏர் கூலர் இங்கே ராத்திரியில் எடுபடாது; ஏற்கனவே ஈரமான காற்றில் இன்னும் ஈரத்தைச் சேர்த்து என்ன பயன்? அந்தக் காசுக்கு 30 வாட் சொச்சத்தில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்றிரண்டு வாங்கிவிடலாம். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும்.

சரி, இவ்வளவு எளிதான காரியத்தை ஏன் யாரும் செய்வதில்லை? அறியாமை பாதிக் காரணம். மீதிப் பாதிக்கு வாடகை என்று பெயர்.

மொட்டை மாடி வீட்டு ஓனருடையது. அதற்குக் கீழே வேகுவது மாடி போர்ஷன்காரர். ஓனர் கீழ்த்தளத்தில் இருக்கிறார். அவர் தலைக்கு மேலே நிழலுக்கு ஒரு முழு வீடே இருக்கிறது, சூடு அவருக்குத் தெரியாது. சுண்ணாம்புக்கு அவர் செலவு செய்தால் மிச்சமாவது குடியிருப்பவரின் கரண்ட் பில். குடியிருப்பவர் தானே செலவு செய்யலாம் என்றால், பதினோரு மாத அக்ரிமெண்ட். அடுத்த வருடம் யார் இருப்பார்கள் என்று தெரியாத வீட்டின் தளத்துக்கு யார் பெயிண்ட் அடிப்பார்கள்? அவர் என்ன செய்வார், கழற்றிக்கொண்டு போகக்கூடிய ஏசியை வாங்குவார். இரண்டு பேரும் அவரவர் கணக்கில் சரியாகத்தான் நடக்கிறார்கள். கூரை மட்டும் முப்பது வருடமாகக் காய்ந்துகொண்டே இருக்கிறது.

இதில் கொடுமை, சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது என்று ஒரே ரேட்டில் வசூலிக்கும் வீடுகள். மின்வாரியம் கொடுக்கும் முதல் நூறு இலவச யூனிட் அந்தக் குடும்பத்தின் கண்ணில் படுவதே இல்லை. ஓனரின் கூரை சூட்டை அனுப்புகிறது, அதை வெளியேற்ற ஓனரின் ரேட்டில் கரண்ட் வாங்க வேண்டும். நெருப்பு வைத்தவரே தண்ணீரும் விற்கிற வியாபாரம் இது. வாடகை, அட்வான்ஸ், தண்ணி மோட்டார் நேரம், பைக் நிறுத்துகிற இடம் எல்லாம் பேசி முடிவு செய்பவர்கள் மொட்டை மாடித் தளத்தைப் பற்றியும் ஒரு வரி பேசலாம். வீடு பார்க்க வருகிறவர்கள் சாயந்திரம் காற்று வரும் நேரத்தில் வராமல், மத்தியானம் மூன்று மணிக்கு வந்து மாடி அறைக் கூரையில் கை வைத்துப் பார்க்கலாம். தெலங்கானா 2023ல் கூல் ரூஃப்புக்கு என்று தனியாகக் கொள்கையே கொண்டுவந்தது. 2021ல் மாநகராட்சியான தாம்பரம், வீட்டுவரி வசூலிக்கிற ஒவ்வொரு கட்டடத்தின் தளத்தைப் பற்றியும் கவலைப்படலாம், தப்பில்லை.

ஏசிக்காகவே அடைத்துக் கட்டிய வீடு கரண்ட் இல்லாத அன்று என்ன ஆகும் என்பதை யாரும் எஸ்டிமேட்டில் எழுதுவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீரும் நின்றது, கரண்டும் போனது. அது டிசம்பர் என்பதால் தப்பித்தார்கள். மே மாத ராத்திரியில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தால், பாதி திறக்கும் ஜன்னலும் அடைத்த வென்டிலேட்டரும் உள்ள அறையில் பச்சைக் குழந்தையோடு உட்கார முடியாது. பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் மொட்டை மாடிக்குத்தான் ஏறுவார்கள். அங்கேயும் அந்த நேரத்தில் கால் வைத்தால் சுடும்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து தளம் காய்வது ஜனவரியில். சுண்ணாம்போ பெயிண்டோ அடிக்கத் தோதான காலம் அதில் இருந்து மார்ச் வரை. அப்போது கொத்தனாரும் கிடைப்பார், கூலியும் பேசலாம். ஏசி கடைகளில் கூட்டம் ஏப்ரலில்தான் ஆரம்பிக்கும்.