காதுநாடா பிய்ந்தால் யாரைக் கேட்பது?

புக்கிட் பெலண்டோக் என்றால் மலேசியாவில் பலருக்கும் 1999தான் நினைவுக்கு வரும். நெகிரி செம்பிலானில், தோட்டங்களுக்கு நடுவே இருந்த பன்றிப் பண்ணைகளில் பரவிய காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளையழற்சி என்று நினைத்தார்கள். கொசுவுக்குப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். காய்ச்சல் அடங்கவில்லை. அந்த மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. கிருமி கிடைத்த நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவிலிருந்தே அதற்கு நிப்பா என்ற பெயர் வந்தது. நாடெங்கும் 265 பேர் பாதிக்கப்பட்டு, 105 பேர் இறந்தார்கள்.

அதன்பின் வந்த பல தொற்றுகளிலும் முகக்கவசம் கூடவே வந்தது. ஒன்றைக் கையிலெடுத்து, காதுநாடா சேரும் மூலையைப் பார்க்கலாம். நூல் இல்லை, பசை இல்லை; அழுந்திய சிறு புள்ளிகள் மட்டும். மீயொலி ஒட்டு இயந்திரத்தில் நொடிக்கு 20,000 முறை அதிரும் ஹார்ன் என்ற உலோகமுனை, ஏறக்குறைய 160 டிகிரியில் உருகும் பாலிபுரொப்பிலீனை நொடிக்கும் குறைந்த நேரத்தில் ஒட்டிய தடம் அது.

நாடா பிய்ந்து வந்தால் ஆலையில் முதல் பழி ஹார்னுக்கு, அடுத்தது துணிக்கு, பிறகு இயந்திரத்தில் நிற்பவருக்கு. மின்சாரம் தரும் பெட்டியைக் கடைசியில்தான் திறப்பார்கள். உயிர்ப்பலியோடு ஆலைக் குறையை ஒப்பிடுவது முறையல்ல. ஆனாலும் கொசுவைத் துரத்திய கதை இங்கே நினைவுக்கு வராமலில்லை.

பெட்டிக்குள் நடப்பது இதுதான். ஹார்னை அதிரவைக்கும் டிரான்ஸ்டியூசருக்குச் சுமையில்லாதபோது தரக்காரணி 1,000 என்றால், அதன் ஒத்ததிர்வு 20 கிலோஹெர்ட்ஸில் வெறும் 20 ஹெர்ட்ஸ் அகலம். மலிவான அலையியற்றியில் மின்தேக்கி ஒரு சதவீதம் விலகினாலே அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ் தள்ளிப்போகும். போதாததற்கு, வேலை ஏற ஏற ஹார்ன் சூடாகி அதன் அதிர்வெண்ணும் இறங்கும். காலையில் குமிழைத் திருகி வைத்தவர் மதியம் பிய்ந்த நாடாக்களைப் பொறுக்குவார்.

அதற்குத்தான் கட்டப்பூட்டுச் சுற்று இருக்கிறதே என்பார்கள். மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே கட்டத்தில் வரும் இடத்தை அது தேடிப் பிடிக்கும். சிக்கல் டிரான்ஸ்டியூசரிலுள்ள பீசோ வில்லைகளின் சொந்த மின்தேக்கத்தில் இருக்கிறது. அது 4 நானோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், சுமை ஏறி இயக்கத் தடை சுமார் 1,000 ஓமைத் தாண்டியதும் கட்ட வேறுபாடு பூச்சியமாகும் புள்ளியே மறைந்துவிடும். இல்லாத புள்ளியைத் தேடி சுற்று எல்லைவரை ஓடும்; ஒட்டு பாழாகும். ஒரு இன்டக்டரால் அந்த மின்தேக்கத்தைச் சமன் செய்யாத வடிவமைப்பு எத்தனை நுண்செயலி வைத்தாலும் தேறாது.

அதே மின்தேக்கத்துக்கு இன்னொரு சேட்டையும் உண்டு. 230 வோல்ட்டைச் சீர்படுத்திக் கிடைக்கும் 325 வோல்ட்டைச் சதுர அலையாக்கி அதில் நேராகப் பாய்ச்சினால், ஒவ்வொரு மாற்றத்திலும் மின்னோட்ட முள் எழுந்து, சுவிட்சாக இயங்கும் மாஸ்ஃபெட்டைச் சுடும். சரியான தொடர் இன்டக்டர் இந்த முள்ளையும் மழுக்கும்.

சிலிக்கன் கார்பைடு மாஸ்ஃபெட் வாங்கினால் தீராதா என்று கேட்பவர்கள் உண்டு. கூலிமில் இன்ஃபினியோன் 2024 ஆகஸ்டில் அதற்கென்றே ஆலை திறந்துவிட்டது. சிரம்பானில் ஆன்செமி ஆலை இருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் 20 கிலோஹெர்ட்ஸ் வேலைக்குச் சாதாரண சிலிக்கனே தாராளம். தட்டுப்பாடு அளவீட்டில்தான் இருக்கிறது.

கேபிளைக் கழற்றும் பழுதுபார்ப்பவருக்காக ஒரு வார்த்தை: சூடாகி ஆறும் பீசோ தானாகவே மின்னேற்றம் கொள்ளும், தொட்டால் உதறும். வெளியீட்டின் குறுக்கே ஒரு வடிகால் மின்தடை போடாமல் பெட்டியை விற்கக் கூடாது.

பலகையை வரைவதற்கு முன் டிரான்ஸ்டியூசரை ஹார்னோடு சேர்த்து மூன்று முறை அளந்துவிடுங்கள்: குளிர்ந்தபோது, சூடானபோது, துணியை அழுத்தியபோது. அந்த மூன்று மின்மறுப்பு வரைபடங்களையும் இதழுக்கு அனுப்புங்கள். நன்றாக வந்தவற்றோடு தோற்றவற்றையும் அச்சிடுவோம்.