சீட்டு கிடைத்தால் போதுமா? எட்டு செமஸ்டருக்கும் கணக்கு எழுதுங்கள்!

அன்பான இளைஞர்களே! கல்லாவில் உட்கார்ந்து காசு சேர்த்து, பிள்ளையை ஒரு பொறியாளராகப் பார்த்துவிட வேண்டும் என்று துடிக்கும் வணிகப் பெருமக்களே!

ஒவ்வோராண்டும் கவுன்சிலிங் முடிந்ததும் நம் வீடுகளில் ஒரே மகிழ்ச்சி. "பையனுக்கு இன்ஜினியரிங் சீட்டு கிடைத்துவிட்டது" என்று தெருவுக்கே இனிப்பு கொடுக்கிறோம். நல்ல செய்திதான், மகிழ வேண்டியதுதான். ஆனால் நான்கு ஆண்டு கழித்து அதே பையன், "இன்னும் ஏழு பேப்பர் பாக்கி இருக்கு வாப்பா" என்று தலைகுனிந்து நிற்கும்போது, எங்கே சறுக்கியது என்று கேட்க ஒருவரும் இல்லை. அடுத்த மாதமே பாஸ்போர்ட் எடுக்கிறான். கிடைத்த விசாவில் சபர் கிளம்புகிறான். பொறியியல் படித்தவன் அங்கே போய் உதவியாளர் வேலை பார்க்கிறான்.

இவனுக்கு அறிவு குறைவா? இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தவன்தான். உழைப்புக்கு அஞ்சியவனா? அதுவும் இல்லை, பெருநாள் நேரத்தில் கடையில் பதினாறு மணி நேரம் நின்றவன். பிறகு எதனால் தோற்றான்? திட்டம் இல்லாமல் போனதால் தோற்றான். சீட்டு கிடைத்ததையே வெற்றி என்று நினைத்துவிட்டான். நாமும் அப்படியே நினைத்துவிட்டோம்!

இந்த இடம் எப்படி வந்தது?

சற்றுப் பின்னோக்கிப் பாருங்கள். 1984 முதல் இருந்த தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு 2007 சேர்க்கையோடு தமிழகத்தில் விடைபெற்றது. இன்று பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்-ஆஃப் போட்டு இடம் தருகிறார்கள். அதே 2007 ஆம் ஆண்டில்தான் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவிகிதத்துக்குள் முஸ்லிம்களுக்கென 3.5 சதவிகித உள் ஒதுக்கீடு சட்டமானது.

3.5 சதவிகிதம் என்றால் ஆயிரம் இடத்தில் 35 இடம். அந்த 35 பேரில் ஒருவன் இரண்டாம் ஆண்டிலேயே படிப்பை விட்டுவிட்டு வந்தால் என்ன பொருள்? அவனுக்கு அடுத்த எண்ணில், அரை மதிப்பெண் குறைவால் வெளியே நின்ற ஒரு ஏழை மாணவனின் இடமும் சேர்ந்து வீணாயிற்று என்று பொருள்.

சச்சார் குழு 2006 இல் தந்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. நாட்டின் தலைசிறந்த கல்லூரிகளில் இளநிலைப் படிப்பில் 25 பேருக்கு ஒருவர்தான் முஸ்லிம். முதுநிலையில் 50 பேருக்கு ஒருவர்தான். அதாவது மேலே போகப் போக நம் எண்ணிக்கை பாதியாகிறது! உள்ளே நுழைவதற்குப் பாடுபட்ட நாம், உள்ளே போனவன் மேலே ஏறுவதற்கு என்ன செய்தோம்? சிந்திக்க வேண்டாமா?

அரியர் என்பது வட்டிக்கு வாங்கிய கடன்!

வியாபாரிகளுக்குப் புரியும்படி சொல்கிறேன். முதல் செமஸ்டரில் கணிதத்தில் தோல்வி. "பரவாயில்லை, அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம்" என்கிறான். அடுத்த செமஸ்டரில் ஆறு புதிய பாடங்கள்; அவற்றோடு பழைய கணிதம் ஏழாவது. புதிய கணிதமோ பழைய கணிதத்தின் மீது கட்டப்பட்டது. அடித்தளம் இல்லாததால் இதுவும் போகிறது. மூன்றாம் செமஸ்டரில் எட்டுத் தேர்வு. ஒரு தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் நடுவில் கிடைக்கிற ஓரிரு நாளும் பழைய பாக்கிக்கே போய்விடுகிறது. வட்டி கட்டவே வருமானம் போதாத கடைக்காரனின் நிலைதான் இவன் நிலை.

இதன் விலை எப்போது தெரியும்? ஏழாவது செமஸ்டரில் கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கம்பெனிகள் வரும்போது தெரியும். பல கம்பெனிகள் வாசலிலேயே இரண்டு நிபந்தனை வைக்கின்றன. ஒன்று, 60 சதவிகிதம். இரண்டு, நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது. பையன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பட்டியலில் பெயரே வராது.

"வெளிநாட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்பவர்களுக்கும் ஒரு சொல். சவூதியில் பொறியாளர் என்ற பதவியில் வேலை பார்க்க வேண்டுமானால் பட்டச் சான்றிதழ் சரிபார்க்கப்பட்டு, அந்நாட்டுப் பொறியாளர் கவுன்சிலில் பதிவு செய்யப்பட வேண்டும். பட்டம் கையில் இல்லாதவனுக்கு அந்தக் கதவு திறக்காது.

ஒரு செமஸ்டரை எப்படிப் பங்கு போடுவது?

தம்பிகளே, ஒரு நோட்டை எடுங்கள். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ஒவ்வோர் எழுத்துப் பாடமும் 5 அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆறு பாடம் என்றால் மொத்தம் 30 அலகு. ஒரு செமஸ்டரில் வகுப்பு நடப்பது ஏறத்தாழ 15 வாரம். 30ஐ 15ஆல் வகுத்துப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டே இரண்டு அலகு! இவ்வளவுதான் ஐயா, மலைபோல் நிற்கிற அந்த செமஸ்டர்! வாரம் இரண்டு அலகை அந்தந்த வாரமே முடிப்பவனுக்குத் தேர்வு நேரம் திருப்பிப் பார்க்கும் நேரம். கடைசி வாரத்தில் முப்பதையும் தொடங்குகிறவனுக்கு அது நடுங்கும் நேரம்.

நோட்டில் 15 வரி போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் அந்த வாரத்து இரண்டு அலகை எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு, கடை அடைக்கும்போது வாப்பா கல்லாக் கணக்கைப் பார்க்கிறாரே, அதுபோல நீங்களும் பாருங்கள். முடிந்ததை அடியுங்கள். முடியாததை அடுத்த வாரத்துக்கு எடுத்து எழுதுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து ஒரே பாடம் பாக்கி விழுந்தால் அந்தப் பாடத்தில்தான் நோய் என்று அறிந்து, ஆசிரியரிடமோ மேல்வகுப்பு மாணவரிடமோ உடனே ஓடுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். நல்ல ஆசிரியர் உள்ளூரில் இல்லையா? ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கைப்பேசியில் மூன்று மணி நேரம் வீணாக்குகிறவன், அதே கைப்பேசியில் ஒரு மணி நேரம் இதைப் பார்க்கலாமே!

வருகைப் பதிவையும் கணக்குப் போடுங்கள். 75 சதவிகிதம் வேண்டும். 90 வேலை நாளில் 22 நாள்தான் விட முடியும். மச்சான் கல்யாணத்துக்கு 4 நாள், காய்ச்சலுக்கு 5 நாள், கடைக்கு 10 நாள் என்று கூட்டிப் பாருங்கள். மிச்சம் 3 நாள்தான்!

வாப்பாமார்களுக்கு ஒரு வேண்டுகோள்

இப்போது உங்களிடம் வருகிறேன், வணிகப் பெருமக்களே! கோபிக்காமல் கேளுங்கள். நோன்பு மாத வியாபாரம் நமக்கு ஆண்டு முழுவதற்குமான வியாபாரம். "பத்து நாள் வந்து கல்லாவில் உட்காருடா" என்று பிள்ளையை ஹாஸ்டலிலிருந்து அழைக்கிறோம். பத்து நாள் முப்பது நாளாகிறது. நோன்பு ஆண்டுதோறும் பத்து, பதினோரு நாள் முன்னால் நகர்ந்து வருகிறது. இந்த ஆண்டுகளில் அது ஆண்டின் தொடக்க மாதங்களை ஒட்டி வருவதால் இரண்டாம் செமஸ்டரின் வகுப்புகளிலும் உள்தேர்வுகளிலும்தான் கை வைக்கிறது. உள்தேர்வு மதிப்பெண் இறுதி மதிப்பெண்ணில் சேரும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நோன்பு எப்போது வரும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். துணி கொள்முதலுக்கு மூன்று மாதம் முன்பே சூரத்துக்கு ஆள் அனுப்புகிற நாம், கடைக்கு ஒரு தற்காலிக ஆளை வைக்க முன்பே திட்டமிட முடியாதா? அந்த ஆளின் ஒரு மாதச் சம்பளத்தையும், பிள்ளை ஓராண்டு பின்தங்குவதால் வரும் நட்டத்தையும் ஒரே பேரேட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எது இலாபம் என்று உங்களுக்கா சொல்லித் தர வேண்டும்?

கட்டணத்துக்கும் முன்யோசனை தேவை. பெருந்தொகை நன்கொடை கொடுத்து நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ப்பதற்குமுன் சேலம், கோவை, திருநெல்வேலி, பர்கூர், காரைக்குடி அரசுப் பொறியியல் கல்லூரிகளைப் பாருங்கள். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 2021 முதல் 7.5 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்பவரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. வட்டிக் கடனுக்கு அஞ்சும் குடும்பங்கள் இவற்றையெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும்போதே விசாரித்து வைக்க வேண்டாமா? மகன்களுக்குச் சொன்னது அனைத்தும் மகள்களுக்கும் சேர்த்துத்தான்.

மூன்று நாள் கெடு!

இராமேசுவரத்து அப்துல் கலாமை எல்லோரும் மேடையில் புகழ்கிறோம். 1950களில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அவருடைய அக்கா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அங்கே ஒரு விமான வடிவமைப்புத் திட்டப்பணி தாமதமானது. பேராசிரியர் சீனிவாசன் அதைப் பார்த்து அதிருப்தி அடைந்தார். கலாம் ஒரு மாத அவகாசம் கேட்டார். பேராசிரியர் கொடுத்தது மூன்றே நாள்! முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றும் சொல்லிவிட்டார். இரவு பகல் பாராமல் அமர்ந்து முடித்துக் கொடுத்தார் கலாம்.

அடகு வைத்த நகை ஒரு பக்கம், கெடு ஒரு பக்கம். இரண்டையும் மனத்தில் வைத்திருந்தவர்தான் பின்னாளில் ராக்கெட் ஏவினார். உங்கள் படிப்புக்கு வீட்டில் யாருடைய நகை அடகில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றே உம்மாவிடம் கேளுங்கள்.

நான்கு ஆண்டுக்கு நான்கு குறிக்கோள்

முதலாண்டு: ஒரே குறிக்கோள், அரியர் இல்லாமல் கடப்பது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலம் மிரட்டும். தினமும் பாடநூலின் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்து, புரிந்ததைச் சொந்த வரிகளில் ஐந்து வரி எழுதுங்கள். ஆறு மாதத்தில் அச்சம் விலகும்.

இரண்டாம் ஆண்டு: உங்கள் துறைக்குரிய ஒரு கைத்தொழிலை உருப்படியாகக் கற்பது. கணினி மாணவனுக்கு ஒரு நிரல்மொழி, இயந்திரவியல் மாணவனுக்கு வரைபட மென்பொருள். ஒன்று போதும், அதை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் ஆண்டு: விடுமுறையில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி. இந்த ஆண்டிலேயே கேட் தேர்வையும் எழுதலாம். அதன் மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். அதைக் கொண்டு ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேரலாம், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. பொதுத்துறை நிறுவனங்கள் சிலவும் அந்த மதிப்பெண்ணைப் பார்த்தே வேலைக்கு அழைக்கின்றன. முதுநிலையில் 50 பேருக்கு ஒருவர் என்ற கணக்கை மாற்றும் வழி இதுதான்.

நான்காம் ஆண்டு: திட்டப்பணி. இதைக் காசு கொடுத்துக் கடையில் வாங்கி வராதீர்கள்! இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். நம் ஊர்த் தொழிலிலேயே எத்தனை திட்டப்பணிகள் காத்திருக்கின்றன! ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளித்தது. அந்த நீரைக் குறைந்த செலவில் சுத்திகரிக்கும் வழியை ஒரு வேதிப் பொறியியல் மாணவன் தேடலாமே! வாப்பாவின் மொத்தக் கடைக்குச் சரக்கிருப்புக் கணக்கை ஒரு கணினி மாணவன் எழுதித் தரலாமே! கடைப் பிள்ளைக்கு ஆளை எடைபோடவும் பேசவும் இயல்பாகவே வரும். அதைக் குறையாக நினைத்து மறைக்காதீர்கள். அதுவே இன்டர்வியூவில் உங்களுக்குக் கை கொடுக்கும்.

என்ன செய்யப் போகிறோம்?

ஒவ்வொரு மஹல்லாவிலும் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் இருக்க வேண்டும். மேல்வகுப்பு மாணவர்கள் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் சொல்லித் தர வேண்டும். இதற்குக் கட்டடம் தேவையில்லை, நிதி வசூல் தேவையில்லை. கடை மாடியில் ஓர் அறை, ஒரு கரும்பலகை போதும். அதை விட்டுக்கொடுக்க ஒரு வியாபாரி நம் ஊரில் இல்லாமலா போய்விட்டார்?

தம்பிகளே! இந்த இதழை மடித்து வைக்குமுன் அந்த நோட்டை எடுத்து 15 வரியையும் போட்டுவிடுங்கள். முதல் வரியில் இந்த வாரத்து இரண்டு அலகை எழுதுங்கள். ஞாயிறு இரவு அதை வாப்பாவிடம் காட்டுங்கள்.