அழிக்க வேண்டியது ஒரு வரிதான்

எங்கட பற்ச்சில பலரிட்ட இருக்கிறது பழைய லப்டொப்தான். ஒன் பண்ணினால் இரண்டு விண்டோஸ் பெயரைக் காட்டி 30 செக்கன் காத்து நிற்கும். அதில் ஒன்று எப்பவோ செத்துப்போனது. கடைக்குக் கொண்டுபோனால், "ஃபோர்மட் அடிக்கவேணும்" என்பார்கள். அப்படித்தான் எங்களில் ஒருத்தியின் ஆய்வுக் குறிப்பெல்லாம் போனது.

உண்மையில் அழிக்கவேண்டியது அந்தப் பட்டியலில் ஒரு வரியைத்தான். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, எம்எஸ்கொன்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்து, 'பூட்' பகுதிக்குப் போங்கள். 'கரண்ட் ஓஎஸ்' என்றிருப்பதைத் தொடாமல், மற்றதைத் தெரிவுசெய்து 'டிலீட்', பிறகு 'ஓகே'. கோப்புகள் அப்படியே இருக்கும்.

'ஆர்ட்ஸ்காரருக்கு உது விளங்காது' என்பதை நாங்களே நம்பிவிட்டோம். பக்கம் பக்கமாக வாசிக்கிற எங்களுக்கு ஒரு மெனுவை வாசிக்கத் தெரியாதா? கடைக்கு ஓட முதல், திரையில என்ன எழுதியிருக்கு எண்டு வாசிப்பம்.