பால் சீட்டும் கம்பியில்லாக் கணக்கும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் சாலையில், ஏறத்தாழ நடுவழியில், காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. வளிமண்டல ஆராய்ச்சிக்கென அங்கே அமைந்துள்ள ரேடாரின் களத்தில் 1024 யாகி ஆண்டெனாக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒரு காலத்தில் நம் வீட்டுக் கூரைகளில் தொலைக்காட்சிக்காக நட்டு வைத்தோமே, அதே இனத்தைச் சேர்ந்தவைதாம் அவையும். 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை விண்ணோக்கிச் செலுத்தி, திரும்பி வரும் மெல்லிய எதிரொலியைக் கொண்டு மேலுலகக் காற்றின் போக்கை அறிகிறார்கள். பள்ளி மாணவர்களை அழைத்துச் சென்று காட்டத்தக்க காட்சி அது; அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும் பலர் உண்டு.

அதே சாலையிலிருந்து பிரியும் எந்தக் கிராமத்துக்கேனும் விடியற்காலையில் சென்றால் வேறொரு கம்பியில்லாச் சாதனத்தைக் காணலாம். அது கைப்பிடியளவே இருக்கும். பால் நிலையத்தின் மேசைமீது, தராசுக்கும் கொழுப்பு காணும் கருவிக்கும் அருகே, ஒரு சிறு விளக்கு மினுமினுக்க அமர்ந்திருக்கும். அதைப் பார்க்க ஒருவரும் சுற்றுலா வருவதில்லை. ஆயினும் அக்கிராமத்து மக்களின் பத்து நாள் வருவாய் அதன் வழியாகத்தான் செல்கிறது. ஆகையால் காதங்கியின் ஆண்டெனாக்களுக்கு நாம் தரும் கவனத்தில் ஒரு பங்கையேனும் இதற்கும் தரவேண்டும் என்பது என் கருத்து. கணிப்பொறி வலையமைப்பும் கம்பியில்லாத் தொடர்பும் வியாபாரத்துக்கு எவ்வாறு உதவுகின்றன என்று பொதுப்படப் பேசுவோர் வங்கிகளையும் பெருநகர அலுவலகங்களையுமே உதாரணமாகக் காட்டுகின்றனர். எனக்கு உதாரணமாகத் தோன்றுவது இந்தப் பால் மேசைதான்.

சித்தூர்ச் சீமையின் பால் வியாபாரம் இன்று நேற்று தோன்றியதன்று. கூட்டுறவுப் பால் பண்ணை நெடுங்காலம் நடந்து 2002-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. தனியார் நிறுவனங்கள் வளர்ந்தன. 2014-இல் தேசியப் பால்வள வாரியத்தின் துணையுடன், உறுப்பினர் அனைவரும் பெண்களாகவே உள்ள ஸ்ரீஜா மகிளா பால் உற்பத்தியாளர் கம்பெனி தோன்றியது. எவர் பாலைக் கொள்முதல் செய்தாலும் மேசையில் நடக்கும் காரியம் ஒன்றே. பால் நிறுக்கப்படுகிறது, ஒரு சிறு மாதிரி எடுக்கப்பட்டு, அதிலுள்ள கொழுப்பும் கொழுப்பல்லாத திடப்பொருளும் அளக்கப்படுகின்றன, இரண்டையும் கொண்டு விலை கணிக்கப்பட்டுச் சீட்டு அச்சாகிறது. ஸ்விட்ஸர்லாந்து தேசத்து கெர்பர் வகுத்த முறையில் கந்தக அமிலமும் அமைல் ஆல்கஹாலும் சேர்த்து, குழாயைச் சுழற்றி, கொழுப்பு மேலே வந்து நிற்பதைக் கண்ணால் பார்த்துக் குறித்த காலம் ஒன்று இருந்தது. அப்போது பாலூற்றியவர் வீடு திரும்பிய பின்னரே தரம் தெரிய வந்தது. இப்போது பாத்திரத்தைக் கழுவுவதற்குள் தெரிந்துவிடுகிறது.

கணக்கு அங்கே முடிந்துவிடுவதில்லை. உறுப்பினர் எண், தேதி, காலையா மாலையா என்பது, லிட்டர், கொழுப்பு, திடப்பொருள், தொகை ஆகிய இவ்வளவும் கைபேசிக் கோபுரத்தின் வழியே தலைமை அலுவலகத்துக்குச் செல்கின்றன. எந்த ஊரில் எவ்வளவு பால் சேர்ந்திருக்கிறது என்பதை லாரி புறப்படுமுன்பே அறிந்து அதன் வழியை வகுக்கலாம். குளிரூட்டும் தொட்டியின் வெப்பம் 4 டிகிரிக்கு மேல் ஏறினால் உடனே எச்சரிக்கை கிடைக்கும்படி செய்யலாம். கறந்த பால் வெயிலில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் நுண்ணுயிர்களுக்கு விருந்தாகையால் இது சிறிய லாபமன்று. பணமோ இடைத்தரகர் கைபடாமல் பாலூற்றியவரின் வங்கிக் கணக்கிலேயே விழுகிறது.

இதற்கெல்லாம் மிக வேகமான வலையமைப்பு தேவை என்று எண்ணுவோர் பலர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் ஒரு வேளை ஊற்றும் பாலின் விவரம் முழுவதும் 100 எழுத்துகளுக்குள் அடங்கும். ஓர் ஊரில் 200 பேர் ஊற்றினாலும் 20,000 எழுத்துகள். எழுத்துக்கு எட்டு பிட் வீதம் 1,60,000 பிட்டுகள். விநாடிக்கு 9,600 பிட் மட்டுமே செல்லக்கூடிய பழைய இணைப்பில்கூட இது 17 விநாடியில் போய்ச் சேரும். ஐந்தாம் தலைமுறை வந்ததென்று விளம்பரப் பலகைகள் முழங்குகின்றன; பால் மேசைக்கோ இரண்டாம் தலைமுறையே அதிகம். அங்கே குறைவாக இருப்பது வேகமன்று. மழைக்காற்றில் மின்சாரம் நிற்கும்போது கோபுரத்தின் மின்கலம் எத்தனை மணி தாங்கும், குன்றுக்கு அப்பால் உள்ள ஊருக்கு அலை எட்டுமா என்பனவே கேட்கத்தக்க கேள்விகள். சேஷாசலத் தொடரும் அதன் கிளைக் குன்றுகளும் சூழ்ந்த நாட்டில், தாழ்ந்த அதிர்வெண் அலைகள் மலை விளிம்பில் ஓரளவு வளைந்து இறங்கும். உயர்ந்தவை நேர்கோட்டில் சென்று தடைப்படும். எனவே நகரத்துக்குச் சிறந்தது கிராமத்துக்கும் சிறந்ததாயிருக்க வேண்டிய நியதி இல்லை.

இணைப்பு அறுந்தால் கணக்கு என்னாகும்? இதற்கு விஞ்ஞானம் அரை நூற்றாண்டுக்கு முன்பே விடை கண்டுவிட்டது. ஹவாய்ப் பல்கலைக் கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் என்பவரும் அவருடைய குழுவினரும் 1971-இல் தீவுகளுக்கிடையே கணிப்பொறிகளை வானொலி அலையால் இணைத்தார்கள். அலோஹா வலை என்பது அதன் பெயர். எல்லா நிலையங்களும் ஒரே அலைவரிசையில் பேசின. இரண்டு நிலையங்கள் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு செய்திகளும் கெட்டுப்போகும். கிணற்றடியில் இரு பெண்கள் ஒருங்கே பேசத் தொடங்கினால் இருவரும் நிறுத்தி, சற்றுப் பொறுத்து, முதலில் வாய் திறப்பவர் பேசுவதில்லையா? அதைப்போலவே இங்கும், செய்தி கிடைத்தது என்ற பதில் வராவிட்டால், அனுப்பியவர் குறிப்பற்ற ஒரு சிறு இடைவேளை காத்திருந்து மீண்டும் அனுப்புவார். பதில் வரும்வரை செய்தியைத் தன்னிடமிருந்து அழிக்கக் கூடாது. இன்றைய வலையமைப்புகள் பல அந்தக் கருத்தின் வழித்தோன்றல்களே. ஆகவே, கோபுரம் இரண்டு நாள் செயலற்றுக் கிடந்தாலும் பால் கணக்கு யந்திரத்திலேயே தங்கியிருந்து மூன்றாம் நாள் செல்லவேண்டும். கணக்கு காணாமற்போயிற்று என்றால் இயற்கையின்மீதும் அலைகளின்மீதும் பழிபோடுவதற்கில்லை; அமைத்தவரோ நடத்துபவரோ செய்யவேண்டியதைச் செய்யவில்லை என்பதே பொருள்.

இதனை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு அப்பகுதியில் ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தேன். ஊரின் பெயரும் பாலை வாங்கிய நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டியதில்லை. பெருமழையில் இரண்டு நாள் தொடர்பு அற்றுப்போயிருந்தது. நிலையத்தில் இருந்த இளைஞர் நல்லவர். நான்கு வேளைப் பாலையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஒவ்வொருவருக்கும் துண்டுச் சீட்டும் கொடுத்திருந்தார். பணம் வந்தபோது அந்த நான்கு வேளைகள் மட்டும் அதில் இல்லை. கேட்டதற்கு, கணிப்பொறியில் இல்லாத பால் பாலல்ல என்ற பாவனையில் மேலிடத்திலிருந்து பதில் வந்ததாம். இரண்டு பசுக்களை வைத்துக் குடும்பம் நடத்தும் ஓர் அம்மாள் அந்தத் துண்டுச் சீட்டுகளை மஞ்சள் பையில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அவருக்கு இருபது லிட்டர் பாலின் பணம் நின்றுவிட்டது.

அவ்வகை யந்திரத்துக்குரிய அறிவுரைத் தாள் ஒன்றைச் சிறிது காலம் முன்பு நானே தமிழாக்கியிருந்தேன். அந்தப் பெருமையில், “தொடர்பு மீளப் பெறப்பட்டதும் தரவுகள் ஒத்திசைவு செய்யப்படும்” என்ற வாக்கியத்தை அவருக்கு எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது கெடக்கட்டும் சார், நான் ஊத்துன பாலு கணக்குல ஏறுமா, ஏறாதா? அதச் சொல்லுங்க” என்றார். பதினெட்டு ஆண்டுகள் மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவனுக்கு அதைவிட நல்ல திருத்தம் எந்த மேலதிகாரியும் செய்ததில்லை. பின்னர் இரண்டு தவணை கழித்து, அந்தத் துண்டுச் சீட்டுகளின் பலத்தால், அவருக்குப் பணம் கிடைத்தது. சீட்டை எறிந்துவிட்ட அண்டை வீட்டாருக்குக் கிடைக்கவில்லை.

இத்தகைய நிகழ்ச்சிகளைக் காட்டி, யந்திரமே வேண்டாம், பழைய நோட்டுப் புத்தகமே நல்லது என்று வாதிப்போர் உளர். அவர்களோடு நான் உடன்படவில்லை. நோட்டுப் புத்தகக் காலத்தில் கொழுப்பின் அளவைக் கையால் கூட்டியும் குறைத்தும் எழுதியதை நம் பெற்றோர் அறிவார்கள். பணம் கைமாறி வருவதற்குள் கரைந்ததையும் அறிவார்கள். என் வாதம் வேறு: யந்திரத்துக்கும் சீட்டுக்கும் மாறுபாடு நேர்ந்தால், அது தீரும்வரை நட்டத்தைப் பாலூற்றியவர் ஏற்கக் கூடாது, பாலை வாங்கியவரே ஏற்கவேண்டும். வலையமைப்பினால் வரும் லாபத்தில் பெரும்பங்கு அவருக்குச் செல்வதால் அதன் குறையையும் அவரே சுமப்பது நியாயம். எடைக்கு முத்திரையிட 2009-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. முத்திரை எங்கே என்று எவரும் கேட்கலாம். கணக்கு சென்று சேர்ந்ததா என்று கேட்கும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. ஒவ்வொரு சீட்டுக்கும் தொடர் எண் இட்டு, அந்த எண் தலைமை அலுவலகத்தை அடைந்ததும் பாலூற்றியவரின் கைபேசிக்கு ஒரு வரிச் செய்தி அனுப்பினால் போதும். ஹவாயில் நிலையங்களுக்குக் கிடைத்த பதில் மனிதர்க்கும் கிடைத்ததாகும்.

அந்த ஒரு வரி எந்த மொழியில் இருப்பது? சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை ராஜ்யத்தில் இருந்தது. 1960-இல் திருத்தணி பிரிந்து சென்னையுடன் சேர்ந்த பின்னும், எல்லையோர ஊர்களில் தமிழ் பேசுவோர் நிரம்ப உள்ளனர். குப்பத்தில் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும். அந்தக் குப்பத்தில்தான் 2002-இல் ஹியூலெட் பாக்கார்டு நிறுவனம் ஆந்திர அரசுடன் சேர்ந்து மூன்றாண்டுத் திட்டமாகத் தகவல் மையங்களைத் திறந்தது. கிராமத்துப் பெண்கள் சூரிய ஒளியால் இயங்கும் அச்சுப்பொறியைத் தோளில் தொங்கவிட்டுப் புகைப்படத் தொழில் செய்தனர். சோதனைக்கு மூன்றாண்டு போதும். நாள்தோறும் இருவேளை நடக்கும் வியாபாரத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. கருவிகளும் மலிந்துவிட்டன. பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீ சிட்டியிலேயே 2015 ஆகஸ்டு முதல் ஷியோமி கைபேசிகள் கோக்கப்படலாயின. ஆனால் நான் கண்ட அந்தச் சீட்டில் மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும் இருந்தன. கொழுப்பல்லாத திடப்பொருளைக் குறிப்பவை அவை என்பது அங்கிருந்த எவருக்கும் தெரியவில்லை. அவ்வெழுத்துகளுக்கு நேரே உள்ள எண் குறைந்தால் விலை குறையும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வெளிக்கள ஊழியர்கள் நிலையங்களுக்குச் செல்லும்போது இரண்டு காரியங்களைப் பார்க்கலாம். இணைப்பைத் துண்டித்து ஒரு வேளைக் கணக்கைப் பதியச் செய்து, மீண்டும் இணைத்தபின் அது முழுதாகச் சென்றதா என்று காண்பது ஒன்று. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. கொழுப்பு காணும் கருவியைத் தரம் தெரிந்த பாலைக் கொண்டு சோதிப்பது மற்றொன்று. கருவி நூற்றுக்கு 0.1 குறைத்துக் காட்டினால், வேளைக்கு ஐந்து கிலோ பால் ஊற்றுபவர் ஒவ்வொரு வேளையும் 5 கிராம் கொழுப்பை இழக்கிறார்; இருவேளை வீதம் முப்பது நாளில் 300 கிராம். இந்தப் பிழையை வலையமைப்பு கண்டுபிடிக்காது. பிழையான எண்ணையும் சரியான எண்ணைப் போலவே அது வழுவின்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏழாம் வகுப்பில் சதவீதம் கற்பிக்கும் வாரத்தில், வீட்டிலிருந்து பால் சீட்டுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சென்ற பத்து நாளின் இருபது சீட்டுகளையும் மாணவர்கள் கூட்டட்டும். வங்கிக்கு வந்த தொகையை அதன் பக்கத்தில் எழுதட்டும். இரண்டும் ஒத்திராத வீடு வகுப்பில் ஒன்றேனும் இருந்தால், அந்தச் சீட்டுகளை மாணவர் பத்திரமாக வீட்டுக்குத் திருப்பி எடுத்துச் செல்லும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.